செவ்வாக்கிழமைத் தீட்டு

கொஞ்சம் அங்கிட்டு நகண்டு உக்காரு தாயி. பைய மடியில வச்சுக்க. ஆமா, இப்பிடி. இந்த முழங்காலு மடக்கவே மாட்டேங்குது, அதான். எங்க போற, டவுனுக்கா? டவுனத் தாண்டியா? அப்பச் சரி. நான் அதையும் தாண்டி எங்க சாமி கோயில் ஸ்டாப்புல எறங்கணும். கண்டக்டருகிட்டச் சொல்லி வச்சிருக்கேன். அவன் பராக்குப் பாத்துக்கிட்டு இருந்தான்னா நீ ஒரு சத்தம் குடு.

அந்தா, மூணு சீட்டுக்கு முன்னால, சன்னலோரமா பச்சச் சேல தெரியுதுல்ல? அது எம் மருமக. நாகஜோதின்னு பேரு. ஏழு மாசம். காத்து வேணும், காத்து வேணும்னா. அதான் சன்னலோரம் உக்கார வச்சிட்டு நான் இங்கிட்டு வந்துட்டேன். பக்கத்துல இருந்தா அழுவா. அழுதா எனக்குப் பொறுக்காது, என்னதான் செஞ்சாலும் வீட்டுக்கு வந்த பிள்ளையில்ல?

என்னமோ சத்தம் கேக்குதுன்னுதான பாக்குற? அது பஸ்சு சத்தமில்ல தாயி. அவ மூச்சு. ரெண்டு மாசமா அப்பிடித்தான் இழுக்குது. பயந்துக்கிராத, ஒட்டுற சீக்கெல்லாம் இல்ல. அது சாமி குத்தம். அதத் தீக்கத்தான் போய்க்கிட்டு இருக்கோம்.

ஆசுபத்திரியா? நீயும் அதையே சொல்லு. நீ படிச்ச பிள்ள, அப்பிடித்தான் சொல்லுவ. நான் மொதல்ல இருந்து சொல்றேன், கேட்டுட்டு அப்புறமா நாயத்தச் சொல்லு. எம் மேல தப்பு இருந்தா இந்தப் பஸ்சுலயே வச்சுச் சொல்லு, நான் ஒத்துக்கிறேன்.

எங்க ஊருல முட்டு வீடுன்னு ஒண்ணு இருக்கு. கேள்விப்பட்டிருக்கியா? ஊருக் கடைசியில ஓட்டு வீடு, ரெண்டு ரூமு, ஒரு பைப்பு. பொம்பளைக தூரமானா அஞ்சு நாளு அங்கதான் இருக்கணும். தட்டு, சொம்பு, பாயி எல்லாம் அங்கேயே தனியாக் கெடக்கும். சோறு கொண்டு போயி வாசல்ல வச்சிட்டு வந்துறணும். ஆம்பளைக அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க மாட்டாக. என்னையமாதிரி தீட்டு நின்னவளும் உள்ள கால் வைக்கக் கூடாது. அதுலயும் நான் சாமிக்கு வெளக்குப் போடுறவ. எங்க வீட்டுக்குத்தான் அந்த வெளக்கு மொற. எம் மாமியா போட்டாக, அவுகளுக்குப் பெறகு நான் போடுறேன். எனக்குப் பெறகு இவ போடணும். ஆனா பிள்ள பெத்தவதான் போடலாம், அது சாமி போட்ட கட்டு. இவ பெக்கலைன்னா எங் கொழுந்தன் வீட்டுக்குப் போயிரும். அங்க மூணு பேரன் இருக்கான். அந்தக் கொழுந்தன் பொண்டாட்டி என்னையப் பாக்குறப்பெல்லாம், "என்னக்கா, விசேசம் ஒண்ணுமில்லையா"ன்னு ஒரு இளிப்பு இளிப்பா பாரு, எனக்குக் குலையே எரியும்.

அதுவும் போக, முட்டு வீடுன்னு ஒண்ணு இருந்தா ஒரு வசதி. எவ வந்தா, எவ வரலன்னு ஊருக்கே தெரியும். ரெண்டு மாசம் ஒருத்தி வரலன்னா டாக்டரு வேணாம், ஊரே சொல்லிரும் பிள்ள உண்டாயிருக்குன்னு.

நாகஜோதி வந்த வருசமே உண்டானா. அஞ்சாவது மாசத்துலயே மூச்சு வாங்குச்சு. பெரியாசுபத்திரியில சேத்தோம். ஆம்பளப் பிள்ள தாயி. குறமாசத்துல பெறந்து ஒரு நாளு இருந்துட்டுப் போயிருச்சு. இவள இருபது நாளு வச்சிருந்துதான் அனுப்புனாக. அங்க ஒரு டாக்டரம்மா எங்களக் கூப்பிட்டு உக்கார வச்சு, "சின்ன வயசுல காய்ச்ச வந்து நெஞ்சுல ஒரு வால்வு சுருங்கிப் போச்சு. அதச் சரி பண்ணாம இன்னொரு பிள்ள உண்டானா அம்மா உசுருக்கு ஆபத்து"ன்னுச்சு. எப்பிடிச் சரி பண்ணுவீகன்னு கேட்டா, தொடை வழியா கம்பி விட்டு நெஞ்சுக்குள்ள பலூன ஊதுவாகளாம். பலூனாம்! திருவிழாவா நடக்குது? நான் சொல்லிட்டேன், மொதல்ல ஒரு பிள்ளையப் பெத்துக் குடுக்கட்டும், பலூன அப்புறமா ஊதிக்கிருவோம்னு. ஆசுபத்திரிக்காரக அப்பிடித்தான் பயமுறுத்துவாக. அதுக்கெல்லாம் பயந்தா குடும்பம் நடத்த முடியுமா?

எம் மகன் வனராசா லோடு வண்டி ஓட்டுறான். வாயில்லாப் பூச்சி. நான் சொன்னா சரிம்பான், அவ சொன்னாலும் சரிம்பான்.

வீட்டுக்கு வந்து நாலு மாசத்துல முட்டு வீட்டுக்குப் போனவ திரும்பி வரவே காணோம். அஞ்சு நாளு போச்சு, பத்து நாளு போச்சு, விட்டு விட்டுப் படுதுங்குறா. இருபத்திரெண்டு நாளு தாயி! இருபத்திரெண்டு நாளும் இந்த முழங்கால இழுத்துக்கிட்டு நான் சோறு கொண்டு போனேன். கருப்பட்டியும் உளுந்தங்களியுமாக் கிண்டிக் குடுத்தேன். அவளுக்கு ரத்தம் போறதப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி. என்னைய மாமியாக்காரின்னு சொல்றவக அதச் சொல்ல மாட்டாக.

அதுக்குப் பெறகு எல்லாம் ஒழுங்காயிருச்சு. ரொம்ப ஒழுங்காயிருச்சு. அங்கதான் அவ மாட்டுனா.

நீயும் பொம்பள, சொல்லு. எவளுக்காச்சும் மாசாமாசம் செவ்வாக்கிழமையே வருமா? ஒரு மாசம் ரெண்டு நாளு முந்தும், ஒரு மாசம் மூணு நாளு பிந்தும். இவளுக்குச் சரியா நாலு வாரத்துக்கு ஒருக்க, செவ்வாக்கிழமை மத்தியானம், சோத்த வடிச்சு எறக்குனதும், "அத்தே, நான் தூரம்"னு பொட்டணத்த எடுத்துருவா. நான் முன்னயே கவனிச்சிருக்கணும். செவ்வா, வெள்ளி வெளக்குப் போடுற ஆளு நான். செவ்வாக்கிழமை வெளக்கு வேலையில இருக்குறப்பதான் ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லுவா. ஏழெட்டு மாசம் போன பெறகுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு.

அப்ப புதன்கிழமை என்ன நடக்குது? எங்க ஊருக்கு நர்ஸம்மா வர்றது புதன்கிழமை. பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட வரும். வந்தா பள்ளிக்கூடத்துல உக்காரணும். நான் ஒரு புதன்கிழமை புல்லறுக்கப் போறவமாதிரி போயிப் பாக்குறேன், நர்ஸம்மா ஸ்கூட்டி முட்டு வீட்டு வாசல்ல நிக்குது. உள்ள இருந்து சிரிப்புச் சத்தம்.

அந்த வீட்டுக்குள்ள ஆம்பள போக மாட்டான், மாமியா போக மாட்டா. அதுதான் அவளுகளுக்குத் தோது. எங்க சாமி போட்ட கட்டுக்குள்ளயே ஒளிஞ்சுக்கிட்டு எங்க சாமி வெளக்க அணைக்கப் பாத்திருக்காளுக. எம்புட்டு தைரியம் பாரு.

அடுத்த வாரம் முட்டு வீட்டுல யாருமில்லாத நாளாப் பாத்து நான் உள்ள போனேன். ஆமா தாயி, போனேன். பதிமூணு வருசம் கழிச்சுப் போனேன். பெறகு வாய்க்கால்ல மூணு முங்கு போட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன், அது வேற. ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு பஞ்சுப் பாக்கெட்டு செருகியிருந்துச்சு. அதுக்குள்ள ஒரு அட்டை. நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நாகஜோதி. கணவர் பெயர் வனராஜா. மூணு மாசத்துக்கு ஒரு ஊசின்னு நாலு தேதி. நாலு ஊசி போட்டாச்சு! அஞ்சாவது ஊசிக்கும் தேதி குறிச்சாச்சு. அந்த ஊசி போட்டா பிள்ளையும் தங்காது, மொதல்ல நாள்கணக்குல விட்டு விட்டுப் படுமாம், போகப்போக தூரமும் நின்னுருமாம். பெறகு தெரிஞ்சுக்கிட்டேன். தூரமே இல்லாதவ தூரம்னு சொல்லி நாலு வாரத்துக்கு ஒருக்க அஞ்சு நாளு அங்க போயிப் படுத்துக் கெடந்திருக்கா. போகலைன்னா உண்டாயிட்டான்னு ஊரு கண்டுபிடிச்சுரும்ல? அதுக்காக.

அட்டையில அடியில ஒரு போன் நம்பரு. பாத்தா எம் மகன் நம்பரு. அவன் நம்பரு எனக்கு மனப்பாடம். அவளே எழுதிக் குடுத்திருப்பா. அவனுக்கு எப்பிடித் தெரியும்? எம்பிள்ள எனக்குத் தெரியாம ஒரு டீ குடிக்க மாட்டான்.

நான் கத்தல. ஊரக் கூட்டல. அட்டையக் கொண்டாந்து வெந்நி அடுப்புல போட்டேன். போட்டுட்டு அந்த ஊசித் தேதிய எண்ணிக்கிட்டு இருந்தேன். அந்தச் செவ்வாக்கிழமை வந்துச்சு. மறுநாளு அஞ்சாவது ஊசி. சோத்த எறக்கிட்டு வந்து நிக்குறா, "அத்தே, நான் தூரம்".

"காட்டு"ன்னேன்.

அவளுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு. பொட்டணத்த இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு எட்டு பின்னால போனா.

"இல்லாத தீட்டுக்கு எதுக்கு முட்டு வீடு? போ, போயி சாயங்காலத்துக்கு அரிசியக் களைஞ்சு போடு"ன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். ஒரு அடி அடிக்கல, ஒரு கெட்ட வார்த்தை பேசல. வேணும்னா அவகிட்டயே கேளு, அவளே சொல்லுவா.

அவ கால்ல விழுந்தா. "அத்தே, செத்துப் போயிருவேன் அத்தே. டாக்டரம்மா சொன்னாகள்ல. ரெண்டு வருசம் குடுங்க, அந்த ஆப்பரேசனப் பண்ணிக்கிட்டு நானே பெத்துத் தாரேன்"னு அழுகுறா. பிள்ள பெத்து யாருடி செத்தான்னு கேட்டேன். எங்க ஆத்தாவுக்கு நாங்க ஒம்போது பேரு. ஒம்போதாவதுலதான் போனா, அது வேற.

மறுநாளு நர்ஸம்மா வீட்டுக்கே வந்துச்சு. வாசல்லயே நிறுத்திட்டேன். "அம்மா, இது அவங்க உசுரு விசயம்"னு என்னென்னமோ சொல்லுச்சு. முட்டு வீட்டுல நடந்தத ஊருக் கூட்டத்துல சொன்னா உன் வண்டி ஊருக்குள்ள வராதுன்னேன். கண்ணத் தொடச்சுக்கிட்டுப் போயிருச்சு. பெறகு வனராசா வந்தான். "அம்மா, அவ செத்துருவாம்மா"ங்குறான். அவ ஊதிவிட்டதத் திருப்பிச் சொல்றான், பாவம். நீ அவள ஊசிக்குக் கூட்டிட்டுப் போன அன்னிக்கு நான் வெளக்க அணைச்சிட்டுக் கெணத்துல விழுவேன்னு சாமி மேல அடிச்சுச் சொன்னேன். அதோட வாய மூடிட்டான்.

வாயத்தான் மூடுனான். ஆறேழு மாசம் அந்தப் பய வீட்டுக்குள்ளயே படுக்கல தெரியுமா? வண்டியிலயே படுத்தான். லோடு இருக்கு, காவல் காக்கணும்னு சொல்லுவான். காலி வண்டிக்கு என்னடா காவல்? ஊரே சிரிக்குதுன்னு அவன் தாய்மாமன வரவழைச்சு, பெரியம்மாவ வரவழைச்சு, நீ ஆம்பளையாடான்னு நாலு பேருக்கு முன்னால கேக்க வச்சேன். கேட்டா ரோசம் வரத்தான செய்யும்? வந்துச்சு. ஊசி நின்னு பத்தாவது மாசம் அவ தலை சுத்தி விழுந்தா. நான் ஊருக்கெல்லாம் கல்கண்டு குடுத்தேன். கொழுந்தன் வீட்டுக்கு ரெண்டு பங்கு குடுத்தேன்.

அவ ஒரு கல்கண்டக் கூட வாயில போடல. என்ன திமிரு பாரு.

இப்பப் பாரு, காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. செருப்பு நுழையல, வெறுங்கால்லதான் கூட்டியாந்தேன். படுத்தா மூச்சு முட்டுதுன்னு ரெண்டு மாசமா சொவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குறா. நாலு குடம் தண்ணி எடுக்கச் சொன்னா நடுவழியில குந்திருவா. இருமுனா சளியில ரோசு கலரு கலந்து வருது. வெத்தலை போட்டியாடின்னேன், தலைய ஆட்டுறா.

ஏன் தாயி அப்பிடிப் பாக்குற? நானும் சும்மா இருக்கல. போன வாரம் குறி சொல்ற கோடாங்கிகிட்டக் கேட்டேன். உடுக்கைய அடிச்ச உடனே சொல்லிட்டான், நான் வாயே தெறக்கல. "பொய்த்தீட்டு சொல்லி சாமி கட்ட மிதிச்சிருக்கா. அதுதான் நெஞ்சுல ஏறி உக்காந்திருக்கு. எட்டாவது மாசம் பெறக்குறதுக்கு முன்னால சன்னதிக்கு வந்து அவ வாயாலயே ஒத்துக்கிரணும்"னான். நாள மறுநாளு எட்டு பெறக்குது. வனராசா கேரளாவுக்கு லோடு ஏத்திட்டுப் போயிருக்கான். அவன் இருந்தா விட மாட்டான். அதான் காலையில கெளப்பிக் கூட்டியாந்துட்டேன்.

பஸ்சு ஏறுறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, "அத்தே, பெரியாசுபத்திரியில எறக்கி விட்டுருங்க அத்தே, நான் அப்புறமா எங்க வேணும்னாலும் வாரேன்"னா. மூணு சொல்லுக்கு ஒரு தடவ மூச்சு வாங்குறா. கோயிலுக்குப் போயிட்டு வர்றப்பப் பாக்கலாம்னேன். வர்றப்ப எறக்கி விடுறேன் தாயி, நான் ஒண்ணும் அரக்கி இல்ல.

இந்தா, அடிக்குது பாரு போனு. அவன்தான். காலையில இருந்து பதினஞ்சு தடவ அடிச்சுட்டான். முட்டு வீட்டுக்காரிக எவளோ நேத்தே சொல்லியிருப்பா. பஸ்சு ஏறுன பெறகு ஒரு தடவ மட்டும் எடுத்தேன். லோட எல்லையிலயே போட்டுட்டு வந்துட்டானாம். "பெரியாசுபத்திரி வாசல்ல நிக்கேன். அவள அங்க எறக்கிரும்மா, உன் கால்ல விழுகுறேன்"னு அழுகுறான். ஆம்பளப் பய பஸ்சுல இருக்குற என் காதுக்குள்ள அழுகுறான். கட் பண்ணிட்டேன். பெறகு எடுக்கல.

டவுனு வந்துருச்சா? ஆமா, தண்ணித் தொட்டி தெரியுது. இது பாயிண்டு பஸ்சு, ஸ்டாண்டுல எறக்கி ஏத்திட்டு நேரா போயிரும், ஆசுபத்திரியில நிக்காது. அதுக்குத்தான் முக்கா மணி நேரம் காத்துக் கெடந்து இத ஏறுனேன். கொஞ்சம் மறைச்சுக்க தாயி, நான் குனிஞ்சுக்கிறேன். அந்தா நிக்குறான் பாரு, ஆசுபத்திரி கேட்டுப் பக்கத்துல, நீலச் சட்ட. ஒவ்வொரு பஸ்சா எட்டிப் பாக்குறான். தலையெல்லாம் கலைஞ்சு, என்னத்தச் சாப்பிட்டானோ. அந்தா, அவ சன்னலத் தட்டிக்கிட்டு ஓடியாரான் பாரு. பஸ்சுக்கு ஈடா ஓட முடியுமா? விழுந்துறப் போறான் பாவிப் பய.

போயிருச்சு. தாண்டிருச்சு.

நல்லவேளை, அவ அவனப் பாக்கல. பாத்திருந்தா கத்திக் கூப்பாடு போட்டிருப்பா. கண்ணாடியில தலையச் சாச்சுத் தூங்கிட்டா போல.

எங்க தாயி எந்திரிக்கிற? உன் எடம் இன்னும் வரலையே? அட, ஓடுற பஸ்சுல நிக்காத, விழுந்துருவ. அவகிட்ட எதுக்குப் போற? எழுப்பாத தாயி. கேளு, அந்த இழுப்புச் சத்தம் கூட நின்னுருச்சு. நான் சொல்லல? கோயில் நெருங்க நெருங்க சாமியே எறங்கி வந்துருச்சு. ரெண்டு மாசமா அவ இப்பிடிச் சத்தமில்லாமத் தூங்கி நான் பாக்கல.

ஏன் அவ கன்னத்தத் தட்டுற? கழுத்துல என்னத்தத் தொட்டுப் பாக்குற? கண்டக்டர எதுக்குக் கூப்பிடுற? ஏய், எதுக்கு எல்லாரும் எந்திரிக்கிறீக?

இந்தா, மறுபடியும் அடிக்குது. இரு, எடுத்து நானே சொல்லிடுறேன், இல்லைன்னா இந்தப் பய பஸ்சு பின்னாலயே ஓடியாருவான்.

டேய் வனராசா. கத்தாதடா. இருக்கா, இங்கதான் இருக்கா. இழுப்பெல்லாம் இல்லடா இப்ப. ஒரு சத்தம் இல்ல. நல்லாத் தூங்குறா.